ஒரோவில் அணைக்குக் கீழே எங்கள் முதல் மழைக்காலம்

வட கலிஃபோர்னியாவில் மழை குளிர்காலத்தில்தான். நவம்பரில் ஆரம்பித்தால் மார்ச், ஏப்ரல் வரை பெய்யும், கோடையில் பெரும்பாலும் ஒரு சொட்டு விழாது. நாங்கள் யூபா சிட்டிக்குக் குடிவந்தது 2016 கோடையில். பல வருட வறட்சி, வீட்டு முன்னால் புல்தரையெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடந்தது. நகரங்கள் தண்ணீர்ச் செலவை 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்று 2015-இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் போட்ட உத்தரவைப் பற்றித்தான் எங்கு போனாலும் பேச்சு. வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம், மகளுக்குத் தடுப்பூசிச் சான்று என்று ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டிருந்த எங்களிடம், ஊரை ஒட்டி ஓடும் ஃபெதர் ஆற்றின் மேலே, ஏறத்தாழ 30 மைல் வடக்கில், அமெரிக்காவிலேயே உயரமான அணை இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. 770 அடி உயர மண் அணை.

முதலில் சொன்னது பக்கத்து வீட்டு பஞ்சாபி அம்மாதான். யூபா சிட்டியில் பஞ்சாபிகள் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறார்கள், பீச், வால்நட் தோட்டங்களில் பாதியில் அவர்கள் கை இருக்கும். ஆண்ட்டியின் குடும்பமும் எழுபதுகளில் வந்தது. 1986-இல் லிண்டா பக்கம் கரை உடைந்தது, 1997-இல் ஆர்போகாவில் உடைந்தது, அதற்கும் முன்னால் 1955 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் இந்த ஊர்க் கரையே உடைந்து 30 பேருக்கும் மேல் செத்தார்கள், இதையெல்லாம் பாதி இந்தியிலும் பாதி ஆங்கிலத்திலும் சமையலறையில் உட்கார்ந்தபடி சொல்வார். பெரிய மழை வந்தால் காரில் பெட்ரோல் பாதிக்குக் கீழே போகவிடாதே பேட்டா என்பார். அந்த ஊர் வாழ்க்கைக்கு எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான பாடம் அது.

2017 ஜனவரியில் மழை பிடித்துக்கொண்டது. பசிபிக் கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் வளிமண்டல ஆறு என்று செய்தியில் சொல்வார்கள், ஒன்று ஓய்வதற்குள் அடுத்தது வரும். வடக்கு சியெரா மலைகளில் அதுவரை பதிவானதிலேயே அதிக மழை பெய்த குளிர்காலம் அது. அணைக்குப் பின்னால் வறண்டு கிடந்த ஒரோவில் ஏரி சில வாரங்களில் நிறைந்துவிட்டது.

பிப்ரவரி 7-ஆம் தேதி, மதகு திறந்து வினாடிக்கு ஏறக்குறைய 50,000 கன அடி விட்டுக்கொண்டிருந்தபோது, உபரிநீர் இறங்கும் கான்கிரீட் சரிவின் நடுவில் பெரும் பள்ளம் விழுந்தது. பலர் இன்னும் அணை உடையப் பார்த்தது என்றே சொல்கிறார்கள். அது இல்லை. அணை உறுதியாகத்தான் நின்றது, கெட்டது உபரிநீர் வழி. கான்கிரீட் பலகைகளின் விரிசல் வழியே தண்ணீர் அடியில் புகுந்து பலகையைத் தூக்கிவிட்டது, அதற்கடியில் இருந்ததோ நல்ல பாறை இல்லை, மக்கிப்போன பாறை. அரித்துக்கொண்டு போய்விட்டது.

அணையை இயக்கியவர்களின் நெருக்கடியை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்குகிறது. சரிவில் அதிகம் விட்டால் பள்ளம் பெருகும், குறைத்தால் ஏரி ஏறும். குறைத்தார்கள், ஏறியது. ஏரி மட்டம் கடல் மட்டத்திலிருந்து 901 அடியைத் தாண்டினால் ஷட்டர் எதுவும் இல்லாத அவசரக் கலிங்கு வழியே தண்ணீர் தானாக வழியும். அணை கட்டி முடித்த 1968-இலிருந்து ஒரு தடவைகூட அப்படி வழிந்ததில்லை. பிப்ரவரி 11, சனிக்கிழமை காலை வழிந்தது. கலிங்குச் சுவர் மட்டும்தான் கான்கிரீட், அதற்குக் கீழே வெறும் மலைச்சரிவு. வழிந்தது அதிகபட்சம் 12,000 கன அடி சொச்சம்தான், அந்தக் கலிங்கு தாங்க வேண்டிய அளவில் அது ஒரு சிறு பங்கு. அதற்கே மண் கரைந்து, பள்ளம் சுவரின் அடியை நோக்கி மேலேறத் தொடங்கிவிட்டது. சுவர் விழுந்தால் 30 அடி உயரத்துக்குத் தண்ணீர் ஒரேயடியாக இறங்கும் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை வானத்தில் மேகமே இல்லை. நல்ல வெயில் அடித்து ஓய்ந்த நாள், துணிகூட வெளியே காயப்போட்டிருந்தேன். ஒரோவில் ஊரைக் காலி செய்யச் சொன்ன அறிவிப்பை முதலில் டிவியில் பார்த்தோம், 'இது ஒத்திகை அல்ல' என்று மூன்று முறை எழுதியிருந்தது பியூட் கவுண்ட்டியின், அதாவது அந்த மாவட்டத்தின், ஷெரிஃப் அலுவலகம். கொஞ்ச நேரத்தில் எங்கள் கைப்பேசிகளும் அலறின. அடுத்த நிமிடம் ஆண்ட்டி வாசலில் நின்றார், ஒரு தோளில் பை, கையில் மருந்து டப்பா. "அபி சலோ, இப்பவே."

பாஸ்போர்ட், விசா அனுமதிக் காகிதங்கள், கல்யாணச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ். இவையெல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில் இருந்தன. விசாவில் வாழ்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நகையை விட்டுவிட்டு ஓடலாம், அந்த உறையை விட முடியாது. அதன் பிறகு மகளுக்கு இரண்டு ஸ்வெட்டர், பால், பிஸ்கட், அவ்வளவுதான்.

நெடுஞ்சாலை 99-இல் தெற்கே போகும் கார்களின் சிவப்பு விளக்கு கண்ணுக்கு எட்டியவரை. சாக்ரமெண்டோ 40 மைல்தான், வழக்கமாக ஒரு மணி நேரம்கூட ஆகாது. அன்று நள்ளிரவு தாண்டியும் வந்து சேராதவர்கள் இருந்தார்கள். பெட்ரோல் தீர்ந்து ஓரங்கட்டிய வண்டிகள், குதிரைகளை ஏற்றிய டிரெய்லர்கள், மடியில் பூனையோடு ஒரு வயதான தம்பதி. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. மூன்று கவுண்ட்டிகளிலிருந்து 1,88,000 பேர் அன்று கிளம்பினார்கள்.

சாக்ரமெண்டோ பக்கத்துக் குருத்வாராக்கள் கதவைத் திறந்து வைத்திருந்தன. ஆண்ட்டியோடு நாங்களும் ஒன்றில் இறங்கினோம். எந்த மதம், எந்த நாடு என்று ஒருவரும் கேட்கவில்லை. பருப்பும் ரொட்டியும் சூடாகத் தட்டில் விழுந்தன, கூடத்தில் மெக்ஸிகோக்காரர்கள், வெள்ளைக்காரர்கள், நாங்கள் எல்லோரும் வரிசையாகத் தரையில். மகளுக்கு யாரோ ஒரு பெண் தன் சால்வையைப் போர்த்திவிட்டுப் போனாள், காலையில் திருப்பிக் கொடுக்கத் தேடினேன், ஆளைக் காணவில்லை.

அதற்குள் பழுதான சரிவிலேயே வினாடிக்கு 1 லட்சம் கன அடி திறந்துவிட்டிருந்தார்கள். சரிவு மேலும் சிதைந்தாலும் பரவாயில்லை, ஏரி இறங்க வேண்டும் என்று. இறங்கியது. ஞாயிறு இரவே கலிங்கில் வழிவது நின்றது. அப்புறம் லாரிகளிலும் ஹெலிகாப்டர்களிலும் பாறைகளைக் கொண்டுவந்து அரிப்பு விழுந்த இடங்களில் கொட்டினார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் திரும்பலாம் என்றார்கள், ஆனால் எச்சரிக்கை நீடிக்கிறது, பையைப் பிரிக்காதீர்கள் என்று கூடவே சொன்னார்கள்.

திரும்பி வந்ததும் ஊரில் ஒரு முணுமுணுப்பு. ஒன்றும் ஆகவில்லையே, எதற்கு இத்தனை பேரை விரட்டினார்கள் என்று. எனக்கு இதில் சந்தேகமே இல்லை. ஷெரிஃப் கோரி ஹோனியா அந்த மாலை எடுத்த முடிவு சரியான முடிவு. சுவர் நிற்குமா விழுமா என்று உறுதியாகத் தெரியும்வரை காத்திருந்தால் ஒரோவில்காரர்களுக்கு ஓட நேரமே இருந்திருக்காது. 2015 டிசம்பரில் அடையாற்றுத் தண்ணீர் முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குள் வந்தபோது அப்பா அம்மாவுக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை வரவில்லை. இடுப்பளவு தண்ணீரில் மாடிக்கு ஏறினார்கள். வீணாக ஒரு இரவு காரில் உட்கார்ந்திருப்பது எவ்வளவோ மேல்.

கோபப்பட வேண்டிய இடம் வேறு. அந்த மலைச்சரிவு அரிக்கும், கான்கிரீட் போடுங்கள் என்று 2005-லேயே சுற்றுச்சூழல் அமைப்புகள் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்திடம் மனு கொடுத்திருந்தன, தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். 2018 ஜனவரியில் வந்த சுயாதீன நிபுணர் குழுவின் அறிக்கையும் ஏதோ ஒரு ஆள்மேல் பழி போடவில்லை, பல பத்தாண்டுகளாக வடிவமைப்பு, ஆய்வு, மேற்பார்வை என்று எல்லா மட்டத்திலும் விட்டுப்போனதைச் சொன்னது. பழுதுபார்த்து முடிக்க 110 கோடி டாலர் ஆனது. புதிய சரிவில் முதல் தண்ணீர் விட்டது 2019 ஏப்ரல் 2-ஆம் தேதி.

இந்தப் பக்கம் வேலை கிடைத்து வரும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் பள்ளிக்கூடம் எப்படி, வாடகை எவ்வளவு என்று கேட்பார்கள். அதோடு நான் சேர்த்துச் சொல்வது இது: வீடு பார்க்கும்போதே ஆற்றங்கரை எந்தப் பக்கம், வெளியேற எந்தச் சாலை என்று பார்த்துவிடுங்கள். கவுண்ட்டியின் அவசர எச்சரிக்கைக்குக் கைப்பேசி எண்ணைப் பதிந்துவிடுங்கள். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது, அரசின் வெள்ளக் காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும், வாடகைக்கு இருப்பவர்களும் தங்கள் சாமான்களுக்கு எடுக்கலாம். பொதுவாக எடுத்து 30 நாள் கழித்துத்தான் அது நடைமுறைக்கு வரும், அதனால் மழை தொடங்கிய பிறகு யோசிக்காமல் செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள்.