பல்லிடையே சிக்கிய ஒன்று

பல ஆண்டுகளாக ஆங்கில நாளிதழில் வரும் சங்கேதக் குறுக்கெழுத்தைக் காலைக் காப்பியோடு நிரப்பி வந்தவன் நான். பொருள் ஏறக்குறையப் பொருந்துகிறது, குறுக்கே வரும் எழுத்துகளும் ஒத்துப்போகின்றன என்று கண்டால், அந்த விடை எப்படிக் கிடைக்கிறது என்று புரியாமலே எழுதிவிட்டு அடுத்த குறிப்புக்குப் போய்விடுவேன். சென்ற ஆண்டு நண்பர் ஒருவர், தாமே தமிழில் அமைத்த ஒரு புதிரை என்னிடம் கொடுத்தார். 9 வரிசையும் 9 பத்தியும் கொண்ட சிறிய கட்டம், 22 குறிப்புகள். விடைகளை மட்டும் தந்தால் ஏற்க மாட்டேன், ஒவ்வொரு குறிப்பிலும் ஒவ்வொரு சொல்லும் என்ன வேலை செய்கிறது என்று எழுதித் தரவேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. ஒரு மாலையில் முடியும் என்று நான் நினைத்த வேலை, அந்த நிபந்தனையால் பத்து நாள் நீண்டது.

இவ்வகைக் குறிப்பில் ஒரு முனையில் விடையின் பொருள் இருக்கும். மற்ற பகுதி அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழியைச் சொல்லும். இரண்டும் சேர்ந்து, வேறெதையோ பேசும் ஓர் இயல்பான வாக்கியம் போலத் தோன்றும். முடிவில் அடைப்புக்குள் நிற்கும் எண், விடையில் எத்தனை எழுத்து என்பதைச் சொல்லும். இலண்டன் 'டைம்ஸ்' நாளிதழில் குறுக்கெழுத்து 1930இல் தொடங்கியது. 'அப்சர்வர்' இதழில் 1939 முதல் ஸிமனீஸ் என்ற புனைபெயரில் புதிர் அமைத்த மக்நட், நேர்மையான குறிப்பு எப்படி இருக்கவேண்டும் என்பதை 1966இல் ஒரு நூலாகவே எழுதினார். அமைப்பவர் வாசகரைத் திசைதிருப்பலாம், ஆனால் சொல்லாததைச் சொன்னதாகக் கொள்ளும்படி விட்டுவிடக் கூடாது என்பதே அவருடைய பிடிவாதம். நண்பரும் அந்த வழியில் வந்தவர்.

முதலில் விழுந்தது, "கலங்கிய விகாரி தஞ்சைக்குத் தண்ணீர் தரும் (3)" என்ற குறிப்பு. விகாரி என்பது அறுபது ஆண்டுச் சுழற்சியில் 33ஆவது. 2019 சித்திரையில் பிறந்தது. ஆனால் ஆண்டைப் பற்றிய அறிவு இங்கே தேவையே இல்லை. 'கலங்கிய' என்ற சொல், அடுத்து நிற்கும் வி, கா, ரி ஆகிய மூன்று எழுத்துகளை இடம் மாற்றச் சொல்கிறது, மாற்றினால் காவிரி. "அரசன், வெற்றி, கண்ணகியின் கணவன் (4)" என்பதும் எளிதாகவே வந்தது: கோ என்றால் அரசன், வலன் என்றால் வெற்றி. "தலையிழந்த ஆடலரசியே, துடி (2)" என்பதில் மாதவியின் முதலெழுத்தை நீக்கினால் 'தவி' கிடைக்கிறது.

என்னை நான்கு நாள் நிறுத்தி வைத்தது இது: "பல்லிடையே ஒன்று சிக்கிய பொழுது (3)". விருந்துக்குப் பின் எல்லாருக்கும் நேர்வதுதான். பொழுது என்பதற்கு நேரம் என்ற பொருள் உடனே தோன்றியது, எழுத்தும் மூன்று என்பதால் எழுதிவிட்டேன். பல் எதற்கு, ஒன்று எதற்கு என்ற கேள்விக்கு விடை இல்லை. விளக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பழைய வழக்கப்படி நகர்ந்தேன். அதன் முதல் கட்டத்திலிருந்து கீழே இறங்கும் குறிப்பு, "குதிரைக்குப் பின் சக்கரம், கோயிலில் தலைக்கு மரியாதை (6)" என்றிருந்தது. நே என்று தொடங்குவதாக நம்பிக்கொண்டு, கோயில் என்ற சொல்லைப் பிடித்து நேர்த்திக்கடன் வரை போய், அது எட்டு எழுத்தாக நீண்டதைக் கண்டு திரும்பினேன். அந்த மூலை முழுவதும் வெறுமையாகவே கிடந்தது.

கும்பகோணத்தில் இருக்கும் என் மாமனார் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது குறிப்பை வாசித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாப்பிள்ளை, ஒன்று என்பதை எழுத்தால் எழுதிப் பார்த்தீர்களா, எண்ணால் எழுதிப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். தமிழ் எண்ணில் ஒன்று என்பது க. பல் என்ற சொல்லின் இடையே க சிக்கினால் பகல். பொழுது விடிந்தது, பொழுது சாய்ந்தது என்று நாம் சொல்லும்போது அந்தச் சொல் குறிப்பதும் பகலைத்தான். நேரத்தை அழித்துப் பகலை எழுதியதும், கீழே இறங்கும் சொல் ப என்று தொடங்கியது. குதிரை என்றால் பரி, அதன் பின் சக்கரமாகிய வட்டம், இரண்டும் சேர்ந்து கோயிலில் தலையில் கட்டும் பரிவட்டம். நான்கு நாள் மூடிக்கிடந்த மூலை அதன் பின் அரைமணியில் நிரம்பியது. விளக்கம் எழுத முடியாத விடையை எழுதி வைத்ததுதான் அந்த மூலையை அடைத்திருந்தது. நிபந்தனையின் பயன் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தமிழில் இதைச் செய்யும்போது ஆங்கிலப் பழக்கம் பல இடங்களில் உதவாது. அங்கே 26 எழுத்துகள், இங்கே 247. ஆகவே குறுக்கே ஓர் எழுத்து கிடைத்தாலே விடை பாதி கிடைத்தது போலாகும். அதற்கு ஈடாக விடைகளும் குறுகியவை. ஆங்கிலத்தில் ஒரு சொல்லைப் பின்னிருந்து வாசித்து வேறு சொல்லாக்குவது அன்றாட உத்தி. தமிழில் பல சொற்கள் மெய்யில் முடிகின்றன, எந்தச் சொல்லும் மெய்யில் தொடங்குவதில்லை. கடலைத் திருப்பினால் ஒன்றும் கிடைக்காது. இதே காரணத்தால் அமைப்பவருக்கும் தொல்லை உண்டு: ஒரு விடையின் கடைசிக் கட்டத்தில் ல் விழுந்தால், அங்கிருந்து இன்னொரு சொல்லைத் தொடங்க முடியாது. புணர்ச்சி இன்னொரு திரை. 'பல்லிடையே' என்று சேர்ந்து நிற்கும்போது பல்லும் இடையும் தனித்தனிக் கட்டளைகள் என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. பிரித்துப் படிக்கும் இலக்கணப் பயிற்சி உள்ளவர்களுக்கு இது பெரிய துணை.

விளக்கங்களை எழுதத் தொடங்கியபின், ஒவ்வொரு குறிப்பிலும் பொருள் எங்கே முடிகிறது என்று ஒரு கோடு போட்டேன். கோட்டின் மறுபுறம் இருக்கும் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது எழுத்துகளைத் தருகிறதா, கட்டளை இடுகிறதா என்று பக்கத்தில் எழுதினேன். பெரும்பாலும் கணக்கு நேரானது. ஒரு குறிப்பில் மட்டும் ஒரு சொல் மிஞ்சியது: "சீதா மரையைக் கண்டதும் உள்ளே மலர்ந்தது (3)". சீதாவின் பின்பாதியும் மரையின் முழு உருவும் அடுத்தடுத்து நின்று தாமரையைத் தம்முள் மறைத்திருக்கின்றன. உள்ளே என்பது கட்டளை, மலர்ந்தது என்பது பொருள். மரை என்ற மானைக் கண்டு மனம் மலர்ந்த சீதையின் கதையும் மேலே அழகாக ஓடுகிறது. ஆனால் 'கண்டதும்' எதையும் தரவில்லை. வாக்கியத்துக்கு ஒட்டுப்போடவே அது நிற்கிறது. அழகான குறிப்பைக் குறை சொல்ல மனம் வரவில்லை என்றாலும், கேட்டவர் ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்குக் கேட்டவர் என்பதால், அதை அப்படியே எழுதினேன். அவர் மறுக்கவில்லை. "அந்தச் சொல் இல்லாமல் வாக்கியம் நிற்க மறுக்கிறது, அந்த இடத்தில் தோற்றுப்போனேன்" என்று பதில் அனுப்பினார்.

என் விளக்கத் தாள்களை மாமனார் முழுவதும் படித்தார். இது இங்கிலாந்தில் பிறந்த விளையாட்டு என்று நான் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டார். ஆயினும் தண்டியலங்காரத்தின் சொல்லணியியலை எடுத்து வைத்து, வினாவுத்தரத்தையும் அக்கரச்சுதகத்தையும் காட்டினார். சில வினாக்களின் விடைகளை வரிசையாகச் சேர்த்தால் ஒரு சொல் கிடைப்பது வினாவுத்தரம். அதுவே கோவும் வலனும் சேர்ந்த முறை. ஒரு சொல்லில் எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்க வேறு வேறு பொருள் வருவது அக்கரச்சுதகம். அது தலையிழந்த மாதவி. அவ்வை பாடியதாக வழங்கும் எட்டேகால் லட்சணத்தில் எட்டு அ ஆவதும் கால் வ ஆவதும், பல்லிடையே சிக்கிய ஒன்றுக்குத் தமையன் முறை. கட்டம் நமக்குப் புதியது, விளையாட்டு புதியதன்று என்று நானும் அன்றுமுதல் கருதுகிறேன்.

புறப்படும்போது என் தாளின் பின்பக்கத்தில் அவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: "சிதறி விதைக, பாரதியிடம் விளையும் (3)". தஞ்சாவூர் தாண்டுவதற்குள் விடை கிடைத்துவிட்டது. கோடு போட்டு எழுதினேன். சிதறி என்பது கட்டளை, விதைக என்பது வி, தை, க என்ற மூன்று எழுத்துகளைத் தருகிறது, பாரதியிடம் விளையும் என்பது பொருள், விடை, கவிதை. சொல் எதுவும் மிஞ்சவில்லை.