ஆறு பாட்டில்கள், நான்கு சனிக்கிழமைகள்

முதல் சனிக்கிழமை எழுதிய குறிப்புகளை இன்னும் வைத்திருக்கிறேன். ஆனால் அவற்றில் ஒரு வரியைக்கூட இப்போது நம்பமாட்டேன். பெங்களூர் அல்சூரில் நான் அண்ணன் என்று அழைக்கும் மூத்த நண்பரின் வீட்டு மொட்டைமாடியில் ஆறு பாட்டில்களைத் திறந்தோம். மூன்று விஸ்கி: அம்ருத் ஃப்யூஷன், பால் ஜான் எடிடெட், இந்த்ரி ட்ரிணி. மூன்று ரம்: டூ இண்டீஸ், ஓல்ட் மாங்க், மாமா மகன் துபாய் விமான நிலையத்தில் வாங்கி வந்த எல் டொராடோ 12. அடுத்து எதை வாங்கலாம் என்று முடிவு செய்வதற்காகத்தான் இந்த ஏற்பாடு. நான் போட்ட வரிசையில் ஃப்யூஷன் முதலிடம், எல் டொராடோ கடைசி.

மறுநாள் லேபிள்களை நிதானமாகப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது. ஃப்யூஷன் 50 விழுக்காடு ஆல்கஹால். எடிடெட்டும் இந்த்ரியும் 46. டூ இண்டீஸ், ஓல்ட் மாங்க் இரண்டும் 42.8. எல் டொராடோ 40. என் தரவரிசை அப்படியே இந்த எண்களின் இறங்குவரிசை! நாக்கில் எது அதிகமாகச் சுட்டதோ அதற்கு அதிக மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

42.8 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்று பலரும் கேட்கிறார்கள். சரக்கின் வலிமையை அளக்கும் பழைய ஆங்கிலேயக் கணக்கான புரூஃபில் 100 என்றால் 57.1 விழுக்காடு ஆல்கஹால். அதில் முக்கால் பங்கு 42.8. நம் நாட்டு பாட்டில்களில் காணும் 75 புரூஃப் என்பது இதுதான்.

நாக்கில் சுடுவதைப் பார்த்து ஏமாறாமலிருக்க, எல்லாவற்றையும் 40 விழுக்காட்டுக்கு இறக்குவது என்று தீர்மானித்தேன். மருந்துக்கடையில் ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கினேன். கணக்கு எளிது. 20 மில்லி ஃப்யூஷனுக்கு 5 மில்லி தண்ணீர். 46 விழுக்காடு உள்ள இரண்டுக்கும் 3 மில்லி. 42.8க்கு 1.4 மில்லி. எல் டொராடோவுக்கு ஒன்றும் வேண்டாம். அண்ணனும் நானும் பங்கிட்டால் ஆளுக்கு ஒவ்வொன்றிலும் 10 மில்லி சரக்கு. ஆறும் சேர்ந்து ஒரு பெரிய பெக், அதற்கு மேல் கிடையாது. வீடு திரும்ப மெட்ரோ.

இரண்டாம் சனிக்கிழமை நிறத்தை மறைக்க எவர்சில்வர் டம்ளர்களைப் பயன்படுத்தினோம். நிறம் ஏமாற்றும் என்பது தெரிந்ததுதான். ஸ்காட்லாந்துச் சட்டமே விஸ்கியில் கேரமல் நிறமி சேர்க்க அனுமதிக்கிறது. ஆனால் டம்ளரின் அகன்ற வாயில் வாசனை நிற்கவில்லை, எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது. அந்த மாலை வீண்.

மூன்றாம் வாரம் வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பைகளைக் கறுப்புச் சார்ட் தாளால் சுற்றினோம். அண்ணி குடிப்பதில்லை. அவரே ஊற்றி, எண் போட்டு, எந்த எண்ணில் எது என்பதைத் தன் டைரியில் மட்டும் எழுதிக்கொண்டார். அன்று கிடைத்த முடிவுதான் என்னை இந்தப் பொழுதுபோக்கில் முழுதாக இழுத்துப் போட்டது. அண்ணன் இந்த்ரியை ரம் என்று அடித்துச் சொன்னார். நான் ஓல்ட் மாங்குக்கு இரண்டாம் இடம் கொடுத்திருந்தேன். கல்லூரிக் காலத்தில் கோலா ஊற்றித் தவிர வேறு விதமாக நான் தொடாத ரம் அது. 1954இல் வந்தது, ஏழு ஆண்டு பீப்பாயில் இருந்தது என்பதெல்லாம் தெரியும், மதித்ததில்லை. தண்ணீரைத் தவிர எதுவும் சேர்க்காமல் முகர்ந்தபோது அதில் அவ்வளவு ஏலக்காயும் காய்ந்த திராட்சையும் இருந்தன.

அண்ணன் தவறியதற்குக் காரணம் மரம். இந்த்ரி ட்ரிணி மூன்று வகைப் பீப்பாய்களில் முதிர்கிறது: போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்தவை, பிரெஞ்சு ஒயின் இருந்தவை, பெட்ரோ ஹிமெனெஸ் என்ற இனிப்பு ஷெரி (ஸ்பெயின் நாட்டு ஒயின் வகை) இருந்தவை. அந்த ஷெரிப் பீப்பாய் தரும் உலர்பழ வாசனையைக் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தால், ரம் என்று சொல்வதில் தவறே இல்லை. வாற்கோதுமையா கரும்பா என்பதைவிட எந்தப் பீப்பாய் என்பதே எங்கள் மூக்குக்கு முதலில் எட்டியது.

நான்காம் சனிக்கிழமை யோசனை அண்ணியுடையது. விஸ்கிப் புத்தகங்களில் வரும் ஹெதர் பூ, கிறிஸ்துமஸ் கேக் எல்லாம் நாங்கள் முகர்ந்தறியாதவை. "நம் அடுக்களையில் இருப்பதை எடுத்து வைத்து ஒப்பிடுங்கள்" என்றார். அச்சுவெல்லம், கருப்பட்டி, உலர் திராட்சை, கொப்பரைத் தேங்காய், காப்பிக்கொட்டை, சாம்பிராணி, நன்றாகக் கனிந்த வாழைப்பழம் ஆகியவற்றைக் கிண்ணங்களில் வைத்தார். பிறகு தானும் ஒவ்வொரு கோப்பையாக முகர்ந்தார். எங்கள் மூவரில் கூர்மையான மூக்கு அவருடையதுதான்.

எடிடெட்டை எடுத்தவுடன், "தம்பி, இது ஈர விறகு பற்றாமல் புகைகிற வாசனை" என்றார். சதுப்பு நிலத்து மக்கிய கரியான பீட்டை எரித்து, அந்தப் புகையில் காயவைத்த வாற்கோதுமை அதில் கலந்திருக்கிறது. ஃப்யூஷனிலும் அப்படித்தான், இந்திய வாற்கோதுமையும் ஸ்காட்லாந்தின் புகையேறிய வாற்கோதுமையும் சேர்ந்தது அது. ஆனால் அதில் அவர் கண்டது கொப்பரை, பின்னாலிருந்து மெல்லச் சாம்பிராணி. ஓக் மரத்திலுள்ள லாக்டோன் என்ற பொருள் தேங்காய் வாசனை தரும் என்று படித்திருக்கிறேன். அதைப் படிக்காத ஒருவர் தானாகவே கொப்பரைக் கிண்ணத்தைத் தொட்டுக் காட்டியபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

டூ இண்டீஸுக்கு வாழைப்பழம். தோல் கறுத்த பழம் என்றார். நம் வெல்லத்து ரம்முடன் ஜமைக்கா, பார்படோஸ், கயானா ரம்களைச் சேர்த்து அம்ருத் செய்வது இது. நெடுநாள் நொதிக்கவிடும் ஜமைக்கா முறையில் இந்தப் பழ வாசனை தூக்கலாக வரும். எனக்கோ அதில் முதலில் வந்தது வெல்லம்தான். பாலக்கோட்டுப் பக்கம் தாத்தாவின் ஊரில் பெரிய வாணலியில் பாகு காய்ச்சும்போது, நுரை அடங்கும் நேரத்தில் எழும் மணம். முப்பது ஆண்டுகளாக அந்த மணத்தை நான் நினைத்ததே இல்லை.

ரம் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விஸ்கியில் சர்க்கரை சேர்க்க ஐரோப்பியச் சட்டம் இடம் தருவதில்லை. ரம்மில் லிட்டருக்கு 20 கிராம் வரை அனுமதிக்கிறது. அதனால் ஒரு ரம் மிருதுவாக இறங்கினால் அது முதிர்ச்சியாகவும் இருக்கலாம், சர்க்கரையாகவும் இருக்கலாம். இரண்டு சொட்டை உள்ளங்கையில் தேய்த்துக் காயவிடுங்கள். எங்கள் ரம்களில் ஒன்று விரலோடு ஒட்டியது. வீட்டுச் சோதனையை வைத்து அதன் பெயரை எழுதுவது நியாயமாகாது. ஆனால் என் பட்டியலில் அது ஓரிடம் கீழே போனது.

வயதைப் பற்றியும் என் எண்ணம் மாறிவிட்டது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு ஆவியாகிறது. பெங்களூரில் அது 10 விழுக்காட்டையும் தாண்டும். மைசூர் சாலையில் கம்பிபுராவில் இருக்கும் அம்ருத் ஆலையில் எட்டு ஆண்டு வைத்த கிரீடி ஏஞ்சல்ஸ் என்ற விஸ்கி ஓர் அபூர்வப் பொருளாக ஆனது அதனால்தான். 2004இல் கிளாஸ்கோவில் தன் சிங்கிள் மால்ட்டை (ஒரே ஆலையில் முளைகட்டிய வாற்கோதுமையில் மட்டும் வடித்த விஸ்கியை) அறிமுகப்படுத்தியபோது அம்ருத்திடம் காட்டுவதற்குப் பெரிய வயது எண் ஏதும் இல்லை. வெப்பத்தில் மரம் விரைவாகத் தன் சாரத்தை விடுகிறது. குளிர்நாட்டுப் பன்னிரண்டையும் நம்மூர் ஐந்தையும் எண்ணாக வைத்து ஒப்பிடுவதை நான் நிறுத்திவிட்டேன். கடையில் இப்போது லேபிளில் தேடுவது இரண்டு தகவல்கள்: ஆல்கஹால் அளவு, பீப்பாயின் வகை.

நான்கு வாரங்களுக்குப் பின் என் வரிசை: டூ இண்டீஸ், ஃப்யூஷன், ஓல்ட் மாங்க், இந்த்ரி, எடிடெட், எல் டொராடோ. அண்ணனுக்கு எடிடெட்தான் முதலிடம். புகை அவருக்குப் பிடிக்கும், எனக்கு அது நாக்கை விட்டுப் போக மறுக்கிறது. இதில் சமரசம் வராது.

அடுத்து வாங்கியிருப்பது எட்டு ஆண்டு காமிகாரா. இந்த்ரியைச் செய்யும் அதே நிறுவனத்தின் ரம், கரும்புச்சாற்றில் நேரடியாக வடித்தது, 42.8 விழுக்காடு. ஒரே நிறுவனத்தின் விஸ்கியும் ரம்மும் பக்கத்தில் பக்கத்தில். 1.4 மில்லி தண்ணீர், 3 மில்லி தண்ணீர். அண்ணி கரும்புச்சாறு ஒரு கோப்பை வாங்கி வரச் சொல்லியிருக்கிறார், இஞ்சியும் எலுமிச்சையும் சேர்க்காமல்.