நிரல்மொழி வடிவமைப்புத் தாள்: ‘வராத ஆர்கியுமென்ட்’ வினாவை எழுதிய விதம்

முடிவுகள் வெளிவந்துவிட்டன, அஞ்சிய தாளிலேயே நல்ல மதிப்பெண் கிடைத்திருப்பதால் நிம்மதியாக எழுதுகிறேன். தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததே என்பதால் நேராகப் பெரிய வினாவுக்கு வருகிறேன். அழைப்பவர் ஓர் ஆர்கியுமென்ட்டை (ஃபங்ஷனை அழைக்கும்போது தரும் மதிப்பை) தரவில்லை என்பதை ஃபங்ஷன் அறிவதற்கு ஒரு சென்டினல் மதிப்பை, அதாவது ‘எதுவும் வரவில்லை’ என்பதற்கான தனி அடையாள மதிப்பை, வடிவமைத்து, அந்தத் தேர்வை நியாயப்படுத்தச் சொல்லியிருந்தார்கள்.

என்னைக் கரையேற்றியது ஒரே ஒரு பழக்கம்தான்: வடிவமைப்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதற்கு முன், மூன்று அழைப்புகளை விடைத்தாளில் எழுதிவிடுவது. (இவற்றில் வரும் ‘நன்’ என்பது பைத்தான் மொழியில் ‘மதிப்பு இல்லை’ என்பதைக் குறிக்கும் None.)

திருத்து(பயனர், பெயர்=புதுப்பெயர்)
திருத்து(பயனர், பெயர்=புதுப்பெயர், தொலைபேசி=நன்)
திருத்து(பயனர், பெயர்=புதுப்பெயர், தொலைபேசி=புதுஎண்)

முதலாவது தொலைபேசி எண்ணைத் தொட வேண்டாம் என்கிறது, இரண்டாவது அதை அழிக்கச் சொல்கிறது, மூன்றாவது மாற்றச் சொல்கிறது. பைத்தானின் ‘நன்’னையே டிஃபால்ட்டாக (எதுவும் தராதபோது எடுத்துக்கொள்ளும் மதிப்பாக) வைத்தால் முதல் இரண்டுக்கும் வேறுபாடு இல்லாமல் போய், பெயரை மட்டும் திருத்த வந்தவரின் எண் சத்தமில்லாமல் அழிந்துவிடும். வெற்று ஸ்ட்ரிங், -1 ஆகியவற்றுக்கும் இதே கதிதான்; அழைப்பவர் முறையாக அனுப்பக்கூடிய எந்த மதிப்பும் ‘வரவில்லை’ என்பதற்கு அடையாளமாக இருக்க முடியாது. இதை இந்த மூன்று வரிகளே காட்டிவிடுவதால் விடையில் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது.

அடுத்து, மாட்யூலுக்குள் தனியாக ஒரு ‘ஆப்ஜெக்ட்’டை உருவாக்கி அதையே டிஃபால்ட்டாக வைப்பதை எழுதினேன். அதை இரட்டைச் சமக்குறியால் அல்லாமல், இரண்டும் ஒரே ஆப்ஜெக்ட்தானா என்று பார்க்கும் ‘இஸ்’ (is) கொண்டு ஒப்பிட வேண்டும் என்பதற்குக் காரணமும் சொல்லுங்கள்: சமத்துவத்தின் பொருளை ஒவ்வொரு கிளாஸும் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம்; நம்பை (NumPy) என்ற கணித நூலகத்தின் அரே, அதாவது எண் வரிசை, ஒன்று வந்தால் ஒப்பீட்டின் விடையே இன்னோர் அரேயாகத் திரும்பும்.

பலர் இத்துடன் நிறுத்திக்கொள்கிறார்கள். மதிப்பெண் இதற்குப் பிறகுதான் இருக்கிறது என்பது என் கருத்து. அந்த ஆப்ஜெக்ட் உதவிப் பக்கத்தில் வெறும் நினைவக முகவரியாகத் தெரியும். டீப்காப்பி (முழு நகல்) செய்தாலோ, பிக்கிள் செய்து (பைட்களாக மாற்றிச் சேமித்து) மீட்டாலோ வேறோர் ஆப்ஜெக்ட் ஆகிவிடுவதால் ‘இஸ்’ ஒப்பீடு பொய்க்கும். டைப் குறிப்பில் அதைத் துல்லியமாக எழுதவும் வழியில்லை. 2021இல் எழுதப்பட்ட, பைத்தானை மேம்படுத்துவதற்கான பெப் (PEP) 661 முன்மொழிவு எடுத்துக்கொண்ட குறைகள் இவையே. ஒரே உறுப்புள்ள எனம் (enum, பெயரிட்ட மதிப்புகளின் பட்டியலாக அமையும் டைப்) இவற்றைப் பெரும்பாலும் தீர்த்துவிடும், பார்க்கச் சற்று அழகில்லாமல் இருந்தாலும்.

வாய்மொழித் தேர்வில், சென்டினலே இல்லாமல் செய்ய முடியாதா என்று கேட்டார்கள். காமன் லிஸ்ப் மொழியில் விருப்ப ஆர்கியுமென்ட்டுடன் ‘சப்ளைட்-பி’ என்ற துணை மாறியையும் அறிவிக்கலாம். ஆர்கியுமென்ட் வந்ததா என்பதை அதுவே சொல்லிவிடும். கேட்பதற்கு இதுவே தூய்மையான தீர்வாகத் தோன்றும். ஆனால், வந்ததை அப்படியே உள்ளே இருக்கும் ஃபங்ஷனுக்குக் கடத்தும் ராப்பர் ஒன்றை எழுதிப் பாருங்கள்: மூன்று கீவேர்ட் ஆர்கியுமென்ட்கள் (பெயர் சொல்லித் தருபவை) இருந்தால், எது வந்தது, எது வரவில்லை என்று எட்டு விதமான அழைப்புகளைப் பிரித்து எழுத வேண்டும், அல்லது ஆர்கியுமென்ட் பட்டியலைக் கையால் கட்ட வேண்டும். சென்டினல் என்பது ஒரு மதிப்பு ஆகையால் அதை அப்படியே கடத்திவிடலாம். நான் சென்டினல் பக்கம் சாய்ந்தது இதற்காகத்தான். தேர்வாளர் மேற்கொண்டு வாதாடவில்லை.

இனி, துண்டுத் துண்டாக:

- ஜாவாஸ்கிரிப்ட்டில் ‘அன்டிஃபைன்ட்’டை (undefined) வெளிப்படையாக அனுப்பினாலும் டிஃபால்ட் மதிப்பு வரும், ‘நல்’ (null) அனுப்பினால் வராது. ஒரு மதிப்பெண் வினாவாக வர மிகவும் ஏற்றது.
- கணினி அறிஞர் டோனி ஹோர் 1965இல் நல் ரெஃபரன்ஸை (எதையும் சுட்டாத சுட்டியை) கொண்டுவந்த கதையை நான் எழுதவில்லை. மூன்று அழைப்புகளோடு அதை இணைக்க முடியாவிட்டால் நீங்களும் விட்டுவிடுங்கள்.
- ஆறு மொழிகளை மேலோட்டமாகப் படிப்பதைவிட இரண்டை ஆழமாகப் படியுங்கள். என்னைப் போல் மனப்பாடம் வராதவர்களுக்கு இது கட்டாயம்.
- பைத்தான் டிக்ஷனரியின் (கீ–மதிப்பு இணைகளின் தொகுப்பின்) ‘கெட்’, ‘பாப்’ இரண்டையும் ஒப்பிட்டு வையுங்கள். இல்லாத கீயைக் கேட்டால் முன்னது ‘நன்’ தரும். பின்னது, டிஃபால்ட் தராதபோது மட்டும் கீஎரர் என்ற பிழையை எழுப்பும்.