ராஜ்மகால் மலை பணித்தள நாட்குறிப்பு

2024 ஜூன் 18

பணித்தளத்துக்கு வந்து சேர்ந்தாயிற்று. ஜார்க்கண்ட், சாகிப்கஞ்ச் மாவட்டம், போரியோவுக்கு மேலே உள்ள மலை. எனக்கு மூத்த மிஷனரி நாகர்கோவில் பக்கத்து அண்ணன். குடும்பத்தோடு பல வருஷமாக இங்கேயே இருக்கிறார். அவர் மனைவியான அக்கா, நான் வந்த அன்றே கஞ்சியும் துவையலும் வைத்துத் தந்தார்கள்.

மால்டோ பழங்குடி மக்களின் ஊர்கள் பெரும்பாலும் மலை உச்சியில் இருக்கின்றன. தண்ணீர் எடுக்கக் கீழே ஊற்றுக்கு இறங்கவேண்டும். பெண்கள் விடிவதற்குள் குடத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். சரிவில் காட்டை வெட்டி எரித்து மக்காச்சோளமும் பர்பட்டியும் விதைக்கிறார்கள். பர்பட்டி என்றால் நம்மூர்த் தட்டைப்பயறுதான்.

மொழி படிக்க ஆரம்பித்துவிட்டேன். மால்டோவும் திராவிட மொழி. இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே ராஜ்மகால் மொழியை, அதாவது இந்த மால்டோவை, தமிழோடு ஒரே குடும்பத்தில் வைத்துவிட்டார். நம் திருநெல்வேலித் தேரிக்காட்டில் இருந்துகொண்டு இந்த மலையை ஒருவர் எண்ணிப்பார்த்திருக்கிறார். புது ஊரில் முதல் ராத்திரி எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

2024 ஜூலை 7

ஞாயிறு ஆராதனை. மூங்கில் தட்டி வைத்து மண் பூசிய கூடம். மத்தளம் அடிக்கிறவர் ஒரு நடுவயதுக்காரர். அவர் மனைவிதான் பாட்டை எடுத்துக்கொடுக்கிறார். அந்த அம்மாவின் குரல் மழைச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. எனக்கு வார்த்தைகள் பாதி புரியவில்லை, ஆனாலும் கூடவே பாடினேன்.

2024 ஆகஸ்ட் 3

நேற்று எழுத முடியவில்லை.

பக்கத்து ஊரில் ஒரு சிறுவனுக்கு ஒரு மாதத்துக்கு மேல் காய்ச்சல். வயிறு உப்பி, கை கால் குச்சியாகி, முகம் கறுத்துப்போயிருந்தது. தகப்பன் கோழி அறுத்துப் பூசை கொடுத்துப் பார்த்துவிட்டார். ஊர் சஹியா (நம்மூர் ஆஷா பணியாளரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) காலா அசார் மாதிரி தெரிகிறது, கீழே கொண்டுபோங்கள் என்று சொல்லியும் அவர் அசையவில்லை. ஆஸ்பத்திரி என்றால் பயம். கூலியும் போய்விடும்.

எங்களைப் பார்த்ததும், "பையா (இந்தியில் அண்ணா), ஜெபம் மட்டும் பண்ணுங்கள், போதும்" என்றார்.

அண்ணன் பையனின் தலையில் கைவைத்து ஜெபித்தார். அப்புறம் கயிற்றுக் கட்டிலை வெளியே எடுத்துப்போட்டு, "மீதி ஜெபத்தை நடந்துகொண்டே பண்ணலாம், வாங்க" என்றார்.

கட்டிலை மூங்கிலில் கட்டித் தோளில் வைத்து இறங்கினோம். மழையில் செம்மண் வழுக்கியது. முன்னால் அண்ணனும் தகப்பனும், பின்னால் நானும் மத்தளக்காரரும். ஒவ்வொரு திருப்பத்திலும் மூங்கிலைத் தோள் மாற்றவேண்டும். அதற்காக நின்றபோதெல்லாம் மத்தளக்காரர் வாய்விட்டு ஜெபித்தார். பையன் சுட்ட மக்காச்சோளக் கதிர் ஒன்றைக் கையில் பிடித்திருந்தான். தின்ன அவனுக்குத் தெம்பில்லை. ஆனால் கீழே போகும்வரை அதை விடவேயில்லை. சாலைக்கு வந்தபோது ஒரு ஜீப் நின்றுகொண்டிருந்தது. சந்தை நாள் இல்லாத அன்று, அந்த நேரத்தில் அங்கே ஜீப் கிடைப்பதை இங்கே இருக்கிற யாரும் தற்செயல் என்று சொல்லமாட்டார்கள். நானும் சொல்லமாட்டேன்.

2024 ஆகஸ்ட் 6

காலா அசார்தான். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பரிசோதனை அட்டையில் விட்டார்கள். சற்று நேரத்தில் இரண்டு கோடு தெரிந்தது. மணல் ஈ கடித்துப் பரவுகிற நோய் இது. ஈரமான மண்சுவர் வெடிப்பிலும் மாட்டுக் கொட்டிலிலும் அந்த ஈ இருக்கும். சாகிப்கஞ்ச், பாகூர், தும்கா, கொட்டா என்ற நான்கு மாவட்டங்களில்தான் இந்த மாநிலத்தில் இது தங்கிவிட்டது. கவனிக்காமல் விட்டால் உயிரே போய்விடும். முன்பெல்லாம் வாரக்கணக்கில் ஊசி போடவேண்டியிருந்ததாம். 2014 முதல் ஒரே தடவை டிரிப்பில் ஏற்றுகிற மருந்து வந்திருக்கிறது. அரசு அதை இலவசமாகத் தருகிறது.

இன்று பையன் சோறு கேட்டான்.

2024 ஆகஸ்ட் 25

தகப்பன் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "வீட்டோடு ஞானஸ்நானம் எடுக்கிறோம், எப்போது?" என்று கேட்டார். எனக்குச் சந்தோஷத்தில் நெஞ்சு நிறைந்துவிட்டது.

அண்ணன் நிதானமாகச் சொன்னார்: "மருந்து சர்க்கார் தந்தது. கட்டில் தூக்கினதற்கு நீங்கள் எங்களுக்குக் கடன்படவில்லை. பையன் ஓடி விளையாடட்டும். நீங்கள் வந்து உட்கார்ந்து கேளுங்கள், ஒரு வருஷம் ஆனாலும் கேளுங்கள். அப்புறம் உங்கள் மனது சொல்வதைச் சொல்லுங்கள்."

ஆசை காட்டியோ கட்டாயப்படுத்தியோ மதம் மாற்றக்கூடாது என்று 2017 முதல் இங்கே சட்டம் இருக்கிறது. அண்ணன் சொன்னது அதற்குப் பயந்து அல்ல. சுகம் கிடைத்ததற்குக் கூலியாகக் கொடுக்கிற விசுவாசம், அடுத்த காய்ச்சலில் ஆட்டங்கண்டுவிடும் என்பது அவர் எண்ணம். ராத்திரி முழுக்க இதை யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதுதான் சரி.

2024 அக்டோபர் 6

மத்தளக்காரரின் மனைவி இறந்துவிட்டார். மூளை மலேரியா. வியாழக்கிழமை காய்ச்சல், வெள்ளிக்கிழமை வலிப்பு. விடாத மழையில் ஓடை பெருகி, ராத்திரி கடக்க முடியாமல் கட்டிலோடு கரையிலேயே நின்றோம். அன்றும் ஜெபித்தோம். அதே மூங்கில், அதே ஆட்கள், அதே ஜெபம்தான். விடியுமுன் உயிர் போய்விட்டது.

வேறு ஒன்றும் எழுத வரவில்லை.

2024 அக்டோபர் 13

அவர் ஆராதனைக்கு வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து, மத்தளத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பாட்டை எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை. கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு மூத்த பெண் ஆரம்பித்தாள்.

அண்ணன் வேதாகமத்தில் ஆபகூக் மூன்றாம் அதிகாரம் வாசித்தார். அத்திமரம் துளிர்விடாமல், திராட்சை பழம் தராமல் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிற பகுதி. அத்தியும் திராட்சையும் இவர்கள் பயிரிடுவதில்லை. அதனால் மக்காச்சோளம் கதிர் விடாமல் போனாலும், பர்பட்டி காய்க்காமல் போனாலும், பட்டியில் ஆடு இல்லாமல் போனாலும் என்று விளக்கிச் சொன்னார். இந்த வருஷம் கதிர் சரியாகப் பிடிக்காத வீட்டுக்காரர்கள் தலையாட்டினார்கள்.

ஆராதனை முடிந்ததும் பையனின் தகப்பன் மத்தளக்காரரிடம் நேராகவே கேட்டார்: "என் பிள்ளை பிழைத்தான். உன் மனைவியை உன் சாமி காப்பாற்றவில்லை. நீ ஏன் வந்தாய்?"

அவர் கோபப்படவில்லை. "அவள் அவரிடம்தானே போயிருக்கிறாள். நான் வேறே எங்கே போவேன்?" என்றார்.

நான் ஊரில் எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். என் விசுவாசத்தை இவ்வளவு ஆழமாகத் தொட்ட வார்த்தை வேறில்லை. கட்டிலுக்குப் பின்னால் என்னோடு மூங்கில் சுமந்த மனிதர் இதைச் சொல்கிறார். இதற்குமேல் என்ன அற்புதம் வேண்டும்?

2024 நவம்பர் 12

1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பமானது. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அதை நடத்த முன்னின்றார். பிறகு தெலுங்கு நாட்டு டோர்னக்கல்லுக்கே போய், 1912இல் அங்கே பேராயரானார். அந்தத் தலைமுறை வடக்கே புறப்படாமல் இருந்திருந்தால் என் போன்றவர்களுக்கு இந்த எண்ணமே வந்திருக்காது.

இன்று ஜெபக்கடிதம் எழுதி முடித்தேன். எங்கள் ஊர் ஜெபக்குழு அத்தைமார் தினமும் உலை வைக்குமுன் எடுத்துவைக்கிற பிடியரிசியில்தான் என் படிக்காசும் வருகிறது. அவர்களுக்கு நடந்ததை அப்படியே சொல்லவேண்டும். பிழைத்தவர்களின் சாட்சியை மட்டும் எழுதுகிற வழக்கம் நம்மிடையே இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பையன் சுகமானதை ஒரு பக்கமும், அந்த அம்மாவின் மரணத்தை இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறேன்.

கடைசியில் ஜெபக்குறிப்பு: மத்தளக்காரருக்காகவும், பெண்பிள்ளைகள் இருவரும் படிப்பை விடாமல் இருக்கவும் ஜெபியுங்கள். ஓடையில் ஒரு பாலம் வரவேண்டும், மனு கொடுத்திருக்கிறோம். பையனின் தகப்பன் இன்னும் பின்வரிசையில்தான் உட்காருகிறார், ஆனால் ஒரு ஞாயிறும் தவறுவதில்லை.