வெண்ணெய் உருண்டையைக் களிமண்ணில் செய்து பார்த்தேன்

மாமல்லபுரத்துச் சரிவில் உருளாமல் நிற்கும் பாறைக்கு வான் இறைக் கல் என்றொரு பழைய பெயர் உண்டு. இன்று பலரும் சொல்வது கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டை. கண்ணன் திருடித் தின்றதில் ஒரு பிடி வெண்ணெய் தவறிக் கீழே விழுந்து கல்லாயிற்று என்பது கதை. 1908இல் சென்னை கவர்னர் ஆர்தர் லாலி 7 யானைகளைக் கட்டி இழுக்க வைத்தும் அது அசையவில்லை என்பது இன்னொரு கதை. இரண்டில் கண்ணன் கதையைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

கொலு பொம்மை செய்து மிஞ்சிய களிமண் இருந்தது. பாறையின் உயரம் சுமார் 6 மீட்டர், அகலம் 5 மீட்டர் என்பதால் நூறில் ஒரு பங்காக 6 சென்டிமீட்டரில் உருட்டினேன். சமையலறைத் தராசில் 140 கிராம். பாறை 250 டன் என்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் நூறில் ஒரு பங்கானால் எடை பத்து லட்சத்தில் ஒரு பங்காகும். அப்படியானால் என் உருண்டை 250 கிராம் இருக்க வேண்டுமே! கருங்கல் களிமண்ணைவிட ஒன்றரை மடங்கு கனம் என்று வைத்தாலும் 210 கிராம்தான் வருகிறது. போதாததற்கு, அந்தப் பாறை முழு உருண்டையும் அல்ல. பின்பக்கம் சிதைந்து, அங்கிருந்து பார்த்தால் அரைக்கோளம்போல் இருக்கும். யானைகளை எண்ணியவரே எடையையும் போட்டிருப்பார் போலும்.

பாறையின் அடி 1.2 மீட்டர்தான் தரையில் படிகிறதாம். நானும் அடியை 1.2 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தட்டையாக்கி, இரண்டு நாள் உலர்த்தி, பலகையில் வைத்துத் தூக்கினேன். 11 டிகிரியிலேயே உருண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டது. ஒரு பக்கத்தைச் சீவினேன். சீவிய பக்கம் பள்ளத்தைப் பார்த்திருந்தால் கூடுதலாகத் தாங்குகிறது. மேட்டைப் பார்த்திருந்தால் முன்னைவிடச் சீக்கிரம் கவிழ்கிறது.

பாட்டி பார்த்துக்கொண்டே இருந்தார். "வெண்ணெய் எங்கேயாவது உருளுமாடா? ஒட்டிக்கொள்ளும்" என்று சொல்லி, ஒரு தட்டில் நெல்லிக்காய் அளவு வெண்ணெயை வைத்துச் சாய்த்தும் காட்டினார். ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. சிதைந்த பக்கம் கண்ணன் கடித்த இடமாம்.

அந்தக் கடி எந்தத் திசையைப் பார்க்கிறது என்று என் பழைய படங்களில் தேடினேன். எல்லாமே முன்னால் நின்று, பாறையைக் கையால் தாங்குவதுபோல் எடுத்தவை. அடுத்த முறை பின்பக்கம் ஏறிப் பார்க்க வேண்டும். பாறை நிற்கும் இடத்தின் சாய்வையும் அளக்க வேண்டும்.