எதிராளியின் முகம்

தேர்தல் போஸ்டரில் யார் முகத்தைப் போடுவார்கள்? ஓட்டு கேட்கிறவர் முகத்தைத்தானே! 1972 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ஓவியர் ஆண்டி வார்ஹோல் போட்டுக் கொடுத்த படத்தில் இருப்பது அப்போதைய அதிபர் நிக்சன். பச்சை மூஞ்சி, மஞ்சள் உதடு, பின்னால் கண்ணைக் குத்தும் ஆரஞ்சு. பித்தம் தலைக்கேறின ஆள் மாதிரி இருக்கிறார். கீழே கையால் கிறுக்கியதுபோல, 'மெக்கவர்னுக்கு ஓட்டுப் போடுங்கள்'. அவ்வளவுதான்.

வியட்நாம் போரை நிறுத்துவேன் என்று நிக்சனை எதிர்த்து நின்றவர் மெக்கவர்ன். ஆனால் போரைப் பற்றிப் படத்தில் ஒரு சொல் கூட இல்லை. குண்டு, பிணம், புறா எதுவும் கிடையாது. (புறா இல்லாததே பெரிய நிம்மதி.)

சரி, ஜெயித்தாரா? 50 மாநிலங்களில் மாசசூசெட்ஸ் ஒன்றுதான் கிடைத்தது. கூடவே தலைநகர் வாஷிங்டன். நான் இன்னும் அந்த மஞ்சள் உதட்டைத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிரிக்கிறாரா, இல்லையா?