பாசி பிடித்த குளத்தில் இன்னொரு மாத்திரை போடாதீர்கள்

குளோரின் மாத்திரை வாராவாரம் போகிறது, சோதித்தால் குளோரின் இருக்கிறது என்றே காட்டுகிறது, ஆனாலும் சுவரில் கை வைத்தால் வழுக்குகிறது. வீட்டில் நீச்சல் குளம் வைத்திருப்பவர்களின் பணம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கரைகிறது.

காரணம் மாத்திரைக்குள்ளேயே இருக்கிறது. டிசிசிஏ 90 என்று விற்கும் மாத்திரையில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் சேர்ந்தே வருகிறது. இதைத்தான் ஸ்டெபிலைசர் என்கிறார்கள். வெயிலில் குளோரின் வீணாகாமல் இது காக்கும். 30 முதல் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) வரை இருப்பது நல்லது. ஆனால் குளோரின் செலவாகிவிடும், ஸ்டெபிலைசர் அப்படியே தங்கிவிடும். மாத்திரை வழியாக 10 பிபிஎம் குளோரின் போனால் 6 பிபிஎம் ஸ்டெபிலைசர் கூடவே ஏறும். தினம் 2 பிபிஎம் என்றால் மாதத்துக்கு 36. மூன்றே மாதத்தில் 100ஐத் தாண்டும். 30இல் இருக்கும்போது 2, 3 பிபிஎம் குளோரினே பாசியை அடக்கும். 100 ஆகிவிட்டால் ஏழு, எட்டு தேவை.

அதனால் முதல் செலவு ஒரு நல்ல சோதனைப் பெட்டிக்கு. மஞ்சள் நிறம் காட்டும் மலிவான சொட்டு மருந்து மொத்தக் குளோரினை மட்டுமே சொல்லும். வேலை செய்யும் குளோரின் எவ்வளவு என்று தெரிய, இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி என்ற சோதனை மருந்து வேண்டும். டிபிடி போட்டதும் இளஞ்சிவப்பு ஒரு நொடி பளிச்சென்று வந்து மறைந்தால் குளோரின் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அளவுக்கு மீறி இருக்கிறது, நிறத்தையே வெளுத்துவிட்டது. ஸ்டெபிலைசருக்கான குழாயின் அடியில் கறுப்புப் புள்ளி ஒன்று இருக்கும். மருந்து கலந்து பால்போலான நீரை மெதுவாக ஊற்றி, புள்ளி கண்ணுக்கு மறையும் கோட்டைப் படிக்க வேண்டும்.

ஏறிய ஸ்டெபிலைசரைக் குறைக்க நடைமுறையில் ஒரே வழி, கொஞ்சம் தண்ணீரை மாற்றுவது. லாரித் தண்ணீர் வாங்காமலே ஐப்பசி, கார்த்திகை மழை இதைச் செய்துதரும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.25 மீட்டர் ஆழம் உள்ள குளம் 40,000 லிட்டர் பிடிக்கும். அதில் 20 சென்டிமீட்டர் இறக்கிவிட்டு மழையால் நிரப்பினால் 16 சதவீதம் புது நீர். மழைநீரில் காரத்தன்மை கிடையாது; 10 பிபிஎம் ஏற்ற 670 கிராம் ஆப்பசோடா போதும். மழைக்காலத்தில் மொத்தமாக மட்டும் காலி செய்ய வேண்டாம். நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது வெறும் தொட்டியைக் கீழிருந்து தூக்கி விரிசல் விடவைத்துவிடும்.

அதற்குப் பிறகு அன்றாடத்துக்குத் திரவக் குளோரின், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட். 10 சதவீதக் கேனிலிருந்து 400 மில்லி ஊற்றினால் இந்தக் குளத்தில் 1 பிபிஎம் ஏறும். பொழுது சாய்ந்தபின், மோட்டார் ஓடும்போது, நீர் திரும்பி வரும் வாய்க்கு எதிரே ஊற்றுங்கள். நம் வெயிலுக்குக் கேனிலேயே வீரியம் இறங்கும். இரண்டு, மூன்று வாரத்துக்கு மேல் சேர்த்து வாங்குவது நஷ்டம். பிஎச் 7.2க்கும் 7.6க்கும் இடையில் நிற்கட்டும். ஏறினால் 300 மில்லி ஹைட்ரோகுளோரிக் அமிலம், நான்கு மணி நேரம் கழித்து மறுபடி சோதனை. போர் தண்ணீராக இருந்தால் இதில் தவறவே கூடாது, டைல்ஸ் ஓரம் வெள்ளைப் படிவு கட்டிவிடும். அமிலமும் குளோரினும் ஒரே வாளியைத் தொடவே கூடாது, நச்சு வாயு வரும். மாத்திரையும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் தீப்பிடிக்கும்.

மணிக்கு 10,000 லிட்டர் தள்ளும் 1 எச்பி மோட்டார் நான்கு மணி நேரத்தில் முழு நீரையும் ஒருமுறை சுற்றிவிடும். எட்டு மணி நேரம் ஓடுவதை ஐந்தாக்கினால் மாதம் ஏறக்குறைய 90 யூனிட் மிச்சம். பேக்வாஷை, அதாவது ஃபில்டருக்குள் நீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவுவதை, வாரக் கணக்கில் செய்யாதீர்கள்; ஃபில்டர் சுத்தமாக இருந்தபோது பிரஷர் மீட்டர் காட்டியதைவிட 0.5 பார் ஏறியபின் செய்தால் போதும். மோட்டாரை நிறுத்தியபின்தான் நீரின் வழியை மாற்றும் மல்டிபோர்ட் வால்வைத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கேஸ்கெட் கிழியும்.

ஜக்குஸியில் இந்த மாத்திரை வேண்டவே வேண்டாம். அதன் அமிலம் சிறு தொட்டியில் ஹீட்டரை அரிக்கும். 1,200 லிட்டருக்கு 6 கிராம் டைகுளோர் என்ற குளோரின் தூள் ஏறக்குறைய 3 பிபிஎம் தரும். வெந்நீரில் குளோரின் வேகமாகக் குறையும் என்பதால் ஒவ்வொரு முறை இறங்கும் முன்னும் சோதியுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள், மூடியைத் திறந்தே விடாதீர்கள்.